கணினி எந்த மணி நேரத்தைத் தின்கிறது?

பள்ளிக்கூடத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்று யார் பேச்சை எடுத்தாலும் நான் குஜராத் கதையைத்தான் முதலில் சொல்வேன். வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். எனவே இங்கே ஒரு முறை முழுசா எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்களுக்குச் சுட்டியை அனுப்பினால் போதும். நான் கல்வியாளன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ராத்திரியில் இந்த மாதிரி ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுப்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

அகமதாபாத்தின் குடிசைப் பகுதிகளில் ஞான் சாலா என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் சின்னப் பள்ளிகள் உண்டு. ஒரு அறை, ஒரு ஆசிரியை. ஆசிரியை பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண், பி.எட். கிடையாது, பன்னிரண்டாவது வரை படித்திருப்பார். ஆனால் தினமும் எதை, எந்த வரிசையில், எப்படி நடத்துவது என்பதை நிறுவனம் கறாராக வகுத்துக் கொடுத்துவிடும். இந்தப் பள்ளிகளில் 2, 3ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சி தரும் ஒரு சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தார்கள். வகுப்பில் நடந்த பாடத்தையே பிள்ளை தன்பாட்டுக்குப் போட்டுப் பழகும் மாதிரியானது. லீ லிண்டன் என்ற பொருளியல் ஆய்வாளர் இதை இரண்டு விதமாகச் சோதித்தார். ஒரு முறை, வகுப்பு நேரத்திலிருந்தே ஒரு பங்கை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். இன்னொரு முறை, வகுப்பு நேரத்தைத் தொடாமல் பள்ளிக்கு முன்னாலோ பின்னாலோ கூடுதலாகக் கம்ப்யூட்டர். சாஃப்ட்வேர் அதேதான்.

முடிவைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். இந்த ஆய்வுகளில் ஏற்ற இறக்கத்தைத் திட்ட விலக்கம் என்ற அளவில் சொல்வார்கள். அந்தக் கணக்கு வேண்டாதவர்கள் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்துகிறோம். கடைசியில் நிற்பது 1, முதலில் நிற்பது 100. நட்டநடுவில், ஐம்பதாம் இடத்தில் நிற்கும் பிள்ளை எங்கே நகர்கிறது என்று பார்ப்போம்.

கூடுதல் நேரத்தில் கம்ப்யூட்டர் வைத்தபோது ஏற்றம் 0.28. ஐம்பதாம் இடத்துப் பிள்ளை 61ஆம் இடத்துக்குப் போகிறது. வகுப்பு நேரத்தை எடுத்தபோது இறக்கம் 0.57. அதே பிள்ளை 28ஆம் இடத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த எண்ணை முதல் தடவை பார்த்தபோது மைனஸ் குறியை அச்சுப் பிழை என்றுதான் நினைக்கத் தோன்றும். கம்ப்யூட்டர் வந்தால் பெரிய பலன் இல்லாமல் போகலாம், காசு வீணாகலாம், அதுவரை எல்லாரும் ஒத்துக்கொள்வோம். பிள்ளை இருந்ததைவிடக் கீழே போகும் என்பது ஜீரணிக்க முடியாத விஷயம். ஆனால் காரணம் எளிது. அந்த ஆசிரியை நடத்திக்கொண்டிருந்த ஒரு மணி நேரம் ஏற்கெனவே நல்ல மணி நேரம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுமாரான ஒன்றை வைத்தார்கள். சாஃப்ட்வேர் நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பயனில்லை, அது எதை வெளியே தள்ளிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தது என்று கேட்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு நாளில் இருக்கும் நேரம் கூடப்போவதில்லையே.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். ஆசிரியரே இல்லாத வகுப்பு, இருந்தும் நடக்காத வகுப்பு என்றால் அங்கே சுமாரான சாஃப்ட்வேர்கூட லாபம்தான். வெறும் மணி நேரத்தைத் தின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆக, ஒரு பள்ளியில் ஜெயித்த திட்டத்தை அப்படியே தூக்கி இன்னொரு பள்ளியில் வைத்தால் அதே பலன் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. முதல் பள்ளியில் அது எதன் இடத்தைப் பிடித்தது என்பது அறிக்கையின் அட்டைப்படத்தில் இருக்காது.

அதே குஜராத்தில் வதோதராவில் நடந்தது இன்னொரு பாடம். 2000 வாக்கில் மாநில அரசு அங்கே 100 மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குத் தலா நான்கு கம்ப்யூட்டர் கொடுத்தது. இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெரும்பாலான பள்ளிகளில் அவை தொடப்படவே இல்லை. நம்மூர்ப் பள்ளிகளில் பீரோவுக்குள் பூட்டி வைத்து, ஆய்வுக்கு அதிகாரி வரும்போது மட்டும் துடைத்து எடுத்து வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. பொருளுக்குப் பொறுப்பு தலைமை ஆசிரியர். உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பயன்படாமல் கிடந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் பூட்டித்தான் வைத்திருப்பேன்.

பிறகு பிரதம் என்ற அமைப்பு அந்த மெஷின்களைத் தூசி தட்டி, 4ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகள் கொடுத்தது. ஒரு மெஷினுக்கு இரண்டு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அளந்து பார்த்ததில் முதல் வருஷம் கணக்கில் 0.35, இரண்டாவது வருஷம் 0.47 ஏற்றம். ஐம்பதாம் பிள்ளை 68ஆம் இடம் வரை போயிற்று என்று அர்த்தம். பிரமாதம். ஆனால் அதே ஆய்வில் பக்கத்திலேயே இன்னொன்றையும் சோதித்தார்கள். பின்தங்கிய பிள்ளைகளில் பதினைந்து இருபது பேரைத் தனியாக உட்காரவைத்து, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவர் தினம் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பது. பால்சகி என்று பெயர். அதில் இரண்டாவது வருஷ ஏற்றம் 0.28. கம்ப்யூட்டரைவிடக் குறைவுதான். செலவு? கம்ப்யூட்டர் திட்டத்தின் செலவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. திட்டம் நின்று ஒரு வருஷம் ஆனபின் பார்த்தபோது கம்ப்யூட்டரால் வந்த ஏற்றமும் 0.1 அளவுக்குக் கரைந்திருந்தது.

பெரு நாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தின்கீழ் கிராமப்புறப் பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில், ஏறக்குறைய 15 மாதம் கழித்து அளந்தார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் ஏற்றம் எதுவும் தெரியவில்லை. லேப்டாப் பிள்ளையின் கையில் இருந்தது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தை இதோடு ஒப்பிட்டு நக்கலடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு வீட்டில் ஒரு கணினி என்பது வேறு கேள்வி. அவள் அதை வைத்து வேலைக்கு விண்ணப்பிப்பாள், தம்பிக்குச் சொல்லித்தருவாள். மூன்றாம் வகுப்புப் பையன் கழித்தல் கற்றுக்கொள்வானா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது.

சரி, எப்போதுதான் இது வேலை செய்கிறது? எனக்குத் தெரிந்து இந்தியாவில் கிடைத்த தெளிவான பதில் டெல்லியிலிருந்து வந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் 2015-16இல் நடத்திய ஆய்வு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேர், பெரும்பாலும் 6 முதல் 9 வரை. விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு மைண்ட்ஸ்பார்க் என்ற சாஃப்ட்வேர் வைத்திருந்த மாலை நேர மையங்களில் இலவச இடம். வாரம் ஆறு நாள், தினம் 90 நிமிடம்: பாதி நேரம் கம்ப்யூட்டர், பாதி நேரம் சின்னக் குழுவாக ஒரு உதவி ஆசிரியருடன். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 ஏற்றம்.

ஏற்றத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்கள் ஆரம்பத்தில் எடுத்த நிலை அறியும் தேர்வு. 6ஆம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சராசரிப் பிள்ளை கணக்கில் இரண்டரை வகுப்பு பின்னால் இருக்கிறது. அது சராசரி. ஒரே வகுப்பறைக்குள் இருக்கும் பிள்ளைகளின் நிலை ஐந்தாறு வகுப்பு அளவுக்கு விரிந்து கிடக்கிறது. அதாவது 7ஆம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் முன்னால் 2ஆம் வகுப்புப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது, 7ஆம் வகுப்புப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரே சீருடை, ஒரே புத்தகம். ஆசிரியர் புத்தகத்தைத்தான் நடத்த முடியும், வருஷ முடிவில் அதைத்தான் அவரிடம் கேட்பார்கள். குலுக்கலில் இடம் கிடைக்காத பிள்ளைகளில், வகுப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்கள், தினமும் பள்ளிக்குப் போய் வந்தும் அந்த மாதங்களில் முன்னேறியதாகவே தெரியவில்லை. பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு.

சாஃப்ட்வேர் அங்கே செய்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. 7ஆம் வகுப்புப் பிள்ளைக்கு 3ஆம் வகுப்புக் கணக்கைக் கொடுக்க அது கூச்சப்படவில்லை. ஒரு மனிதர் நாற்பது பேருக்கு நாற்பது விதமாக நடத்த முடியாது, மெஷினால் முடியும். இந்த ஒரு காரியத்தில்தான் மெஷினுக்கு மனிதரைவிட உண்மையான அனுகூலம் இருக்கிறது. பளபளப்பான அனிமேஷனில் இல்லை.

இப்போது ஸ்மார்ட் போர்டை யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் மேற்பட்ட இடங்களில் ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று அறிவித்தார்கள். 2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு. இவற்றில் நல்லதும் உண்டு, இதயம் எப்படித் துடிக்கிறது என்பதைப் படமாகக் காட்டினால் புரியாதவர்களுக்கும் புரியும். ஆனால் ஸ்மார்ட் போர்டு என்பது ஒரே பாடத்தை எல்லாருக்கும் இன்னும் வெளிச்சமாகக் காட்டும் கருவி. கரும்பலகைக்கு அது மாற்று. முன்னால் நிற்கும் ஒருவர் நாற்பது பேருக்கு ஒன்றைச் சொல்வது என்ற அமைப்பை அது தொடுவதே இல்லை. டெல்லி ஆய்வு காட்டிய விரிசல் அதே அகலத்தில் அப்படியே இருக்கும்.

அந்த விரிசலைத் தொட்டுப் பார்த்தது, வேடிக்கை என்னவென்றால், ஒரு காகிதத் திட்டம்தான். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது. யோசனை அதேதான், மைண்ட்ஸ்பார்க் செய்வதைத்தான் பயிற்சிப் புத்தகமும் அட்டையும் வைத்துச் செய்யப் பார்க்கிறார்கள். பிறகு மதிப்பீட்டைச் செல்போன் செயலியில் பிள்ளை பிள்ளையாகச் செய்யச் சொன்னதும், சிக்னலுக்காக ஆசிரியர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்ததும் தனிக் கதை. மறுபடியும் அதே கேள்வி: ஒரு பிள்ளையைச் செயலியில் மதிப்பிடும் நேரத்தில் மற்ற முப்பது பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

டெல்லி ஆய்வில் இன்னொரு சங்கடமான முடிவு இருக்கிறது. பலர் இதை மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுகிறார்கள். சாஃப்ட்வேரால் நன்றாக முன்னேறிய பின்தங்கிய பிள்ளைகளின் முன்னேற்றம், பள்ளி நடத்திய பரீட்சையில் கணக்கில் தெரியவே இல்லை. ஏன்? பிள்ளை 2ஆம் வகுப்பு நிலையிலிருந்து 4ஆம் வகுப்பு நிலைக்கு ஏறியிருக்கிறது. பள்ளி வைத்தது 7ஆம் வகுப்புப் பரீட்சை. முன்பும் பெயில், இப்போதும் பெயில். மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து உழைத்த பிள்ளைக்கு ரேங்க் அட்டை ‘நீ ஒரு அடிகூட நகரவில்லை’ என்று சொல்கிறது. அதைப் பார்க்கும் அப்பா அந்த மையத்தை நிறுத்திவிட மாட்டாரா? தலைமை ஆசிரியர்தான் ‘உண்டு, நகர்ந்திருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். அதற்கு அவரிடம் வேறொரு அளவுகோல் இருக்க வேண்டும். தொழில்நுட்பம் வகுப்பறைக் கதவைத் தாண்டித் தலைமை ஆசிரியர் அறைக்குள் வருவது இந்த இடத்தில்தான்.

பள்ளித் தலைமையில் தொழில்நுட்பம் என்றாலே நம்மூரில் கண்காணிப்பு என்றுதான் அர்த்தம். அதற்கும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்ற அமைப்பு நடத்திய ஓராசிரியர் பள்ளிகள். ஆசிரியர்கள் வருவதே குறைவு. திடீரென்று போய்ப் பார்த்தால் 42 சதவீத நேரம் ஆள் இல்லை. 2003இல் ஒவ்வொருவருக்கும் தேதியும் நேரமும் பதியும் கேமரா கொடுத்தார்கள். காலையில் பிள்ளைகளோடு ஒரு படம், குறைந்தது ஐந்து மணி நேரம் கழித்து இன்னொரு படம். சம்பளம் அந்தப் படங்களைப் பார்த்து. ஆசிரியர் இல்லாத நேரம் 21 சதவீதமாகப் பாதியானது. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் 0.17 ஏறியது.

இதைக் கேட்டதும் அதிகாரிகளுக்குக் கண் பளிச்சிடும். கேமரா, கைரேகை, முகம் பார்க்கும் செயலி! ஆனால் அதே உதய்ப்பூரில் அதே சேவா மந்திர், இந்த முறை மாவட்டச் சுகாதார நிர்வாகத்தோடு சேர்ந்து, கிராமச் செவிலியர்களுக்கு நேரம் பதியும் இயந்திரம் வைத்தது. முதல் சில மாதம் அமோகமான பலன். பிறகு மெதுவாக இறங்கியது. ஒன்றே கால் வருஷம் போனபின் பார்த்தால் இயந்திரம் வைத்த இடத்துக்கும் வைக்காத இடத்துக்கும் வித்தியாசம் இல்லை. செவிலியர்கள் இயந்திரத்தை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தால் அது பாதிதான். மேலிடமே ‘இன்றைக்கு இவருக்கு விலக்கு’ என்று அனுமதிக்கும் நாட்கள் கூடிக்கொண்டே போயின. மீட்டிங் இருந்தது, சர்வே இருந்தது. பதிவேட்டில் எல்லாம் முறைப்படி இருந்தது. மையம் மட்டும் பூட்டிக் கிடந்தது.

இரண்டு இடத்திலும் கருவி ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு இடத்தில் அந்தப் படத்தைப் பார்த்து அதன்படி நடக்க ஒருவர் தயாராக இருந்தார், இன்னொரு இடத்தில் இல்லை.

மத்தியப் பிரதேசத்தில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளி நிர்வாகத்தை மேம்படுத்த ஒரு பெரிய திட்டம்: பள்ளியை விரிவாக மதிப்பிடுவது, தர வரிசை கொடுப்பது, பள்ளிக்கேற்ற முன்னேற்றத் திட்டம் எழுதுவது. 1,774 பள்ளிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துச் சோதித்தார்கள், முரளிதரனும் சிங்கும்தான். மதிப்பீடு ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் நடந்து முடிந்தது. கொடுத்த தர வரிசையும் பொய்யில்லை, உண்மை நிலையை ஓரளவு காட்டியது. ஆனால் பள்ளி நடந்த விதத்திலோ பிள்ளைகளின் கற்றலிலோ ஒரு மாற்றமும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய். ஆனால் திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு நாடு முழுக்க 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. படிவங்கள் நிரம்பியதை மேலே இருந்து பார்த்தால் வெற்றி மாதிரிதானே தெரியும்.

சாஃப்ட்வேர்க்காரனாக எனக்கு இது பழகின நோய். ஒரு டேட்டாபேஸ் என்றால் எழுதும் பாதை, படிக்கும் பாதை என்று இரண்டு உண்டு. எங்கள் வேலையில் முதலில் கேட்பது, இந்த டேட்டாவை யார் படிக்கப்போகிறார்கள், எவ்வளவு சீக்கிரம் வேண்டும், படித்து என்ன முடிவு எடுப்பார்கள் என்று. படிப்பவர் இல்லாவிட்டால் அந்தப் பத்தியைச் சேர்க்கவே விடமாட்டோம். பள்ளிக்கல்வியில் பாதை ஒரு வழிப்பாதை. கீழே இருப்பவர் எழுதுவார், மேலே இருப்பவர் படிப்பார். எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் எண் இருக்கிறது, வருகை இருக்கிறது, மாற்றுச் சான்றிதழ், நலத்திட்டப் பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. போலிச் சேர்க்கையைக் களைவதற்கும், பள்ளி மாறிய பிள்ளை தொலைந்துபோகாமல் இருப்பதற்கும் இது நிஜமாகவே பயன்படக்கூடியது. இதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவேற்றும் வேலையே பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து பேசி, அந்த வேலைக்குத் தனி ஆட்கள் என்ற ஏற்பாடு வரை வந்தது செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் யார் பதிவேற்றுவது என்ற கேள்விக்கே சண்டை முடிந்துவிட்டது. 6ஆம் வகுப்பு ஆசிரியருக்கு அந்தக் கடலிலிருந்து திங்கட்கிழமை காலை ஒரு பக்கம் திரும்பி வருமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளைகள் யார், போன மாதம் எழுத்துக்கூட்டிப் படித்தவர்களில் இன்று சரளமாகப் படிப்பவர் யார், அவ்வளவு போதும்.

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டளவில் நிற்கவில்லை. நான் படித்த ஊர்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் குழுவில் பணம் திரட்டினோம். பெரிய தொடுதிரைப் பலகை வாங்குவது என்று பேச்சு. ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்று ஒரு விற்பனையாளர் விலைப்பட்டியல் கொடுத்திருந்தார். (அவர் செய்து காட்டியதும் இதயம்தான். எல்லா விற்பனையாளர்களும் இதயத்தைத்தான் காட்டுகிறார்கள்.) டெக்னிக்கலா நீ பாரு என்று என்னை அனுப்பினார்கள்.

தலைமை ஆசிரியை ஓய்வு பெற இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ‘டீச்சர், போர்டு வந்தா எந்த கிளாஸ்ல வைப்பீங்க?’ என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து நீட்டினார். 6ஆம் வகுப்பு, 43 பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஜூனில் அவரே கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்கவைத்து எழுதிய குறிப்பு: சரளம், தட்டுத்தடுமாறி, எழுத்துக்கூட்டி, எழுத்தே தெரியவில்லை. கடைசி இரண்டு வகையில் மட்டும் பதினாலு பேர். ‘தம்பி, போர்டு நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. இந்தப் பதினாலு பேரும் அதுல வர்றதைப் படிக்கணும்ல?’ என்றார்.

அந்த நோட்டைப் பார்த்தபோது, இவ்வளவு நாள் நான் படித்த கட்டுரைகள் எல்லாம் எந்தப் பொருளைச் சுற்றிச் சுற்றி வந்தன என்று தெரிந்தது. நிலை அறியும் தேர்வு அதில் இருக்கிறது. எழுதுபவரே படிப்பவராகவும் இருக்கிறார். படித்து முடிவெடுக்கும் அதிகாரமும், அந்தப் பள்ளிக்குள், அவரிடம்தான். இல்லாதது நேரமும் ஆளும்.

நான் செய்த சாஃப்ட்வேர் வேலை வெட்கப்படும் அளவுக்குச் சின்னது. நோட்டில் இருப்பதை ஒரு விரிதாளில் ஏற்றி, பெயர் வரிசையில் இல்லாமல் நிலை வரிசையில் ஒரு பக்கத்துக்கு அச்சாகும்படி செய்து கொடுத்தேன். மாதம் ஒரு முறை வாசிக்கவைத்து டிக் அடித்தால், யார் நகரவில்லை என்பது மேலே வந்து நிற்கும். இன்டர்நெட் வேண்டாம், லாகின் வேண்டாம். அந்தப் பக்கத்தை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

பணத்தை என்ன செய்வது என்பதில்தான் குழுவில் ரகளை. என் கணக்கு இது: போர்டின் விலைக்கு உள்ளூரில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இரண்டு பேருக்கு, பள்ளி விட்டபின் தினம் ஒரு மணி நேரத்துக்கு, ஒரு வருஷ மதிப்பூதியம் கொடுத்துவிட்டு மிச்சத்தில் நாலைந்து டேப்லெட்டும் வாங்கலாம். இது என் சொந்தச் சரக்கு இல்லை. கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வியில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு, மாலை நேரத்தில் செய்தது இதுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை அளந்த ஆய்வில், பள்ளி மூடலால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டிருந்தது; அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அதில் திரை எதுவும் இல்லை. பள்ளி நேரத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட அது தின்னவில்லை என்பதைக் கவனியுங்கள்.

குழுவில் வந்த எதிர்வாதங்களில் ஒன்று நியாயமானது: ஒரு வருஷம் முடிந்ததும் பணம் தீர்ந்துவிடும், போர்டாவது ஏழெட்டு வருஷம் இருக்கும் என்றார் ஒருவர். வதோதராவில் ஏற்றம் கரைந்ததை வைத்துப் பார்த்தால் அவர் பயம் பொய்யில்லை. என் பதில், வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அது மறப்பதில்லை. கணக்குப் பயிற்சி மாதிரி இல்லை அது. இதை நான் நம்புகிறேன், நிரூபிக்க என்னிடம் எண் இல்லை. இன்னொரு எதிர்வாதம், போர்டில் நன்கொடையாளர்கள் பெயரைப் பொறிக்கலாம் என்பது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓட்டெடுப்பில் மாலை வகுப்பு மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. போர்டு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

ஆகஸ்டிலிருந்து வகுப்பு நடக்கிறது. டேப்லெட்டில் ஒன்று அதற்குள் திரை உடைந்துவிட்டது. பூட்டி வைக்க வேண்டாம், உடைந்தால் உடையட்டும் என்று டீச்சரிடம் எழுதியே கொடுத்திருக்கிறோம். பதினாலு பேர் என்பது ஆய்வு ஆகாது, ஒப்பிட வேறு குழுவும் இல்லை, வயது ஏறும்போது தானாகவே கொஞ்சம் ஏறத்தான் செய்வார்கள். அதற்காக 5ஆம் வகுப்பில் இதே நிலையில் இருந்து இந்த வகுப்புக்கு வராத ஒன்பது பேரையும் அதே பத்தியை வாசிக்கவைத்துக் குறித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அரையாண்டு லீவுக்கு முந்தைய வாரம் டீச்சர் மறுபடி எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறார். அந்தப் பக்கம் கைக்கு வந்ததும் பெயர்களை நீக்கிவிட்டு இங்கே போடுகிறேன், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும்.